அரிப்பு சாமி உட்கார்ந்த சோபா

சாங்வியில் அந்தச் சந்து முழுக்க ஆட்கள் சொறிந்துகொண்டு நின்றார்கள். வசதியான ஔந்திலிருந்து காரில் வந்தவர்கள் மட்டும் கௌரவமாக, யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்துச் சொறிந்தார்கள். உள்ளே அரிப்பு சாமி! கொசுக்கடியோ தடிப்போ, ஒரு மந்திரத்தை முணுமுணுத்து இளஞ்சிவப்புச் சாந்தைத் தடவுவார், சில்லென்று அடங்கிவிடும். ஏன் அடங்குகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே!

சாந்தகுமாரியின் முதுகுத் தடிப்பைப் பார்த்துவிட்டு சாமி கண்ணை மூடினார்.

"வீட்டுக்குப் புதுசா என்னம்மா வந்துச்சு?"

"ரெண்டு மாசம் முன்னாடி மருமக வந்தா, சாமி."

"அவளோட சேந்துதான் இதுவும் வந்திருக்கு. மூணு மாசம் தாய்வீட்டுக்கு அனுப்பிடு."

கல்யாணத்துக்காக மலிவாக வாங்கிய பழைய சோபாவும் அதே வாரம்தான் வந்தது. அதைச் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. சோபா எதிர்த்துப் பேசுவதில்லையே!

மருமகள் கீர்த்திக்குச் சாகண் தொழிற்பேட்டையில் வேலை. கார் பாகங்களைச் சோதித்து, சொத்தையைத் தள்ளுவாள். விஷயத்தைக் கேட்ட மகன் அருண்ராஜ், செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"போறேன் அத்தே. சாமி ஒரு தடவ வீட்டுக்கு வந்து பாத்துட்டுச் சொல்லட்டும். அப்புறம் பெட்டி கட்டுறேன்."

சாந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் தன் முதுகுக்கு ஐஸ் வைத்துவிட்டுப் போகிற பெண். ஆனாலும் சாமி சொல்லிவிட்டாரே!

ஞாயிற்றுக்கிழமை சாமி வந்தார், பின்னால் பாதிச் சந்தும் வந்தது. கீர்த்தி பயபக்தியோடு சோபாவைக் காட்டினாள். சட்டை போடாத சாமி சாய்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பூஜை செய்தார். முதலில் தோளைச் சொறிந்தார். பிறகு இடுப்பை. பிறகு இரண்டு கையையும். மெல்லச் சாந்து டப்பாவைத் தேடினார்.

கீர்த்தி அதை எடுத்துக்கொண்டாள். "இருங்க சாமி. இடது கைக்கு மந்திரம் மட்டும். வலது கைக்குச் சாந்து மட்டும். ரெண்டையும் சேத்துப் போட்டா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெய்வத்தையா சோதிக்கிற?"

"தெய்வத்தை இல்ல சாமி, உங்க கையை."

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாமி இடது கையைப் பார்த்து மந்திரம் சொன்னார். மூன்று முறை சொன்னார். கத்தியும் சொன்னார். கீர்த்தி சாந்து தடவிய வலது கை சமர்த்தாக இருந்தது. இடது கைதான் தீயாய் அரித்தது. பொறுக்க முடியாமல் டப்பாவைப் பிடுங்கி அப்பிக்கொண்டார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டப்பாவை மோந்து பார்த்தாள்.

"அரே தேவா! இது மெடிக்கல்ல விக்கிற கேலமைன் லோஷன்! என் பொண்ணுக்கு அம்மை போட்டப்ப டாக்டர் எழுதிக் குடுத்தாரு. கொஞ்சம் சந்தனத்தைக் கலந்திருக்கான்!"

'இருக்கார்' எப்போது 'இருக்கான்' ஆனது என்று சாமி யோசிப்பதற்குள், அவர் உட்கார்ந்து சொறிந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சாந்தகுமாரி சோபா மெத்தையைத் தூக்கினாள். தையல் ஓரமெல்லாம் மூட்டைப்பூச்சி, குடும்பம் குடும்பமாக.

அவள் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி, கீர்த்தி. வெளிய அனுப்பிடலாம்."

"யாரை அத்தே?"

"சோபாவைத்தான்டி! உன்னை அனுப்பிட்டு நான் யார்கூடச் சண்டை போடுறது?"

சாமி எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை. மூட்டைப்பூச்சியாவது நாம் அசந்த நேரம் பார்த்துத்தான் இரத்தம் குடிக்கிறது. சாமியாருக்கோ நாமே வரிசையில் நின்று, கண்ணைத் திறந்துகொண்டே கையை நீட்டுகிறோம். கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?