நாலாவது மூலைக்கு டேப் இல்லை

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று அரசாண்டு வந்தது. எந்தக் காடு, எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்ல முடியாமல் போன கதைதான் இது.

பக்கத்துக் காட்டின் வரைபடம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். நம் சிங்கத்துக்குப் பொறுக்குமா? உடனே டிஜிட்டைசர் என்று மேசை அகலத்தில் ஒரு பலகை வந்து இறங்கியது. பழைய காகித வரைபடத்தை அதன்மேல் டேப் போட்டு ஒட்ட வேண்டும். கையில் பிடிக்கிற கருவியை ஒவ்வொரு கோட்டின்மேலும் வைத்து அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க, கம்ப்யூட்டரில் இருக்கும் கேட் (CAD) என்கிற படம் வரையும் மென்பொருள் அதே கோட்டைப் போட்டுக்கொள்ளும். நடுவில் காகிதம் நகரக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு முத்துக்கருப்பன் என்கிற கரடியைப் போட்டார்கள். நல்ல கரடிதான், குறை சொல்ல மாட்டேன். மூன்று மூலைகளை ஒட்டிவிட்டு, நாலாவது மூலைக்கு வைத்திருந்த டேப்பை ஒழுகுகிற தன் தேன் பாட்டிலுக்குச் சுற்றிவிட்டது. காலையில் ஆறு, குன்று, மரம் எல்லாவற்றையும் வரைந்தது. டீக்கு எழுந்தபோது முழங்கை இடித்து, காகிதம் ஒரு விரல் அகலம் கிழக்கே நகர்ந்துவிட்டது. திரும்பி வந்த கரடி அதைக் கவனிக்காமல், எல்லாருடைய வீடுகளையும் வரைந்து முடித்தது.

சிங்கம் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டது. கூடவே ஓர் ஆணை: "கம்ப்யூட்டரில் விழுந்த கோடே கடைசிக் கோடு. தப்பு என்று சொல்பவர் எவராயினும் எனக்கு மதியச் சாப்பாடு."

மறுநாள் செங்கமலம் என்கிற முயலின் வளைக்கு முன்னால் யானை ஒன்று மண்வெட்டியோடு வந்து நின்றது.

"இது காலி நிலம்னு வந்திருக்கும்மா. குழி இருந்தா மூடச் சொல்லியிருக்காங்க."

"உள்ள என் குட்டிங்க தூங்குதுங்கய்யா."

"வரைபடத்துல குட்டி எதுவும் இல்லியே. சாயங்காலம் வர்றேன், அதுக்குள்ள பாத்துக்கோ."

செங்கமலம் கரடியிடம் ஓடிப்போய்ச் சொன்னது. கரடி காகிதத்தைப் பார்த்தது, தேன் பாட்டிலைப் பார்த்தது. அதன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, நான் எதையும் தப்புன்னு சொல்லல. என் வீடு இப்ப எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கரடி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தது. "ராஜாவோட குகையில இருக்கு தங்கச்சி."

"அப்ப ராஜாவோட வீடு?"

"முதலை மடுவுல."

வளையிலேயே இருந்தால் குட்டிகளோடு சேர்த்து யானை மூடிவிடும். தப்பு என்று சொன்னால் சிங்கம் தின்றுவிடும். வேறு வழி தெரியாமல் செங்கமலம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு குகை வாசலுக்குப் போனது.

"மகாராஜா, உங்க கையெழுத்துப்படி என் வீட்டுக்கு வந்திருக்கேன். நீங்க இன்னும் காலி பண்ணல போலிருக்கே."

சிங்கம் கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. "யாரைப் பாத்து? இந்த வரைபடமே..."

பக்கத்தில் இருந்த மந்திரி நரி அவசரமாக இருமியது. "அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க மகாராஜா. சொன்னா, ஆணைப்படி உங்களை நீங்களே சாப்பிடணும்."

சிங்கம் கொஞ்ச நேரம் அதை உண்மையாகவே யோசித்தது. "எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டது.

"வாலுல ஆரம்பிச்சா கொஞ்ச தூரம் போகலாம். தலைகிட்ட வரும்போதுதான் சிக்கல்."

அன்று மாலையே சிங்கம் மடுவுக்குக் குடிபோனது. நல்லவேளை, முதலை அங்கே இல்லை. அதன் வீடு ஆலமரத்து உச்சியில் விழுந்திருந்ததால், பாவம், அது இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. குகைக்குள் செங்கமலத்தின் குட்டிகள் கால் நீட்டித் தூங்கின.

கழுத்தளவு தண்ணீரில் சில நாள் இருந்து பார்த்த சிங்கம், ஒரு காலையில் தும்மிக்கொண்டே கரடியின் அறைக்கு வந்தது. பிடரியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு டம்ளர்.

"முத்துக்கருப்பா, நான் எதையும் தப்புன்னு சொல்ல வரல. உனக்கு டீ கொண்டாந்திருக்கேன். எந்திரிச்சு வெளியே போய்க் குடிச்சிட்டு வாயேன். எந்திரிக்கும்போது கொஞ்சம் அசால்ட்டா எந்திரி. வந்ததும் வீடுங்களை மட்டும் இன்னொரு தடவை வரைஞ்சிடு."

கரடி டீயைப் பணிவோடு வாங்கிக்கொண்டது.

"உக்காந்தே குடிக்கிறேன் மகாராஜா. அதோட, இப்பல்லாம் நாலு மூலையிலயும் ஒட்டிட்டேன்."

நீதி: வேலை சரியாக இருக்கும் வரை நாலாவது மூலைக்கு டேப் கிடைக்காது, தப்பான பிறகு தாராளமாகக் கிடைக்கும்.