சன்ரிக்குக் கரையில் மாமிக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

விஷயம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால் எனக்கு எல்லாமே தெரிந்துவிடும். தனியாக இருக்கும்போது அப்படியொன்றும் தெரிவதில்லை. இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்களில் முதலிடம் வட ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரைக்குத்தான்.

அப்போது நான் ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வீக்கார், அதாவது தற்காலிக ஆசிரியர். (ஆறு வருடமாகத் தற்காலிகம். சிரிக்காதேங்கோ.) ஒருவழியாக நிரந்தர இடம் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு முடிந்திருந்தது. முடிவு வருவதற்குள் இலையுதிர்கால விடுமுறை வந்ததால், மனைவி சங்கவியையும் அவள் அம்மாவான மாமியையும் கூட்டிக்கொண்டு ஜப்பான் போக டிக்கெட் போட்டேன். அந்த வாரம் நவராத்திரி என்பதை நான் பார்க்கவில்லை. ஒன்பது நாளும் மாமி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். அதுவும் அந்த வருட விரதம் முழுக்க என் வேலைக்காகப் பிடித்தது.

"மீன் பிடிக்கிற கரைக்கு என்னைக் கொண்டுபோறியள். அங்கை நான் என்னத்தைச் சாப்பிடுறது?" ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் இருக்கும் எங்கள் வீட்டில் சூட்கேசை மூடிக்கொண்டே மாமி கேட்டார்.

"எல்லாம் நான் பாக்கிறன் மாமி. மூண்டு மாசமா போனிலை ஜப்பான் பாஷை படிக்கிறன்."

"இவர் கதைக்கிறது அந்தப் போனுக்கு மட்டும்தான் விளங்குது" என்றாள் சங்கவி.

நான் அசரவில்லை. 'இவர் விரதம். மீனும் இறைச்சியும் சாப்பிடமாட்டார்' என்று ஜப்பானிய மொழியில் ஓர் அட்டை எழுதி, பிளாஸ்டிக் உறையும் போட்டேன். கடலோரமாக ஓடும் சின்ன ரயிலில் ஏறியதும் வழிகாட்டி வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர்கள் இருவரையும் ஒரு பாறையைக்கூட நிம்மதியாகப் பார்க்க விடவில்லை.

துறைமுகத்துக்கு மேலே ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். அதை நடத்திய அம்மா என் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிப் படித்து, மூன்று தரம் குனிந்து வணங்கினார். நான் நான்கு தரம் குனிந்தேன். சோறு, டோஃபு, கடற்பாசி, ஆவி பறக்கும் சூப் எல்லாம் வந்தன. மாமி சூப்பில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தம்பி, இதிலை மச்சம் இல்லைத்தானே?"

"ஒரு துளியும் இல்லை மாமி. மீன் விசயத்திலை நோர்வேயிலை பிறந்தவனை ஏமாத்தேலாது."

(எனக்குத் தெரிந்த மீன் எல்லாம் சதுரமாக வெட்டி, பெட்டியில் போட்டு வந்தவை.)

மாமி மிச்சத்தையும் குடித்தார். இன்னொரு கிண்ணமும் கேட்டார். நான்கு நாளும் இதே கேள்வி, இதே உத்தரவாதம், இரண்டு இரண்டு கிண்ணம். என் ஏற்பாட்டை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, இவ்வளவு விரும்பிக் குடித்த மாமிக்குச் செய்முறை காட்டுவதற்காக விடுதி அம்மா எங்களை அடுப்படிக்குக் கூப்பிட்டார். விறகுக் கட்டை போல ஒன்றை எடுத்து, மெல்லிய சுருள்களாகச் சீவிக் கொதிதண்ணீரில் போட்டார்.

"ஏதோ மரப்பட்டை மாமி. உடம்புக்கு நல்லது" என்றேன்.

மாமி கட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மாசி" என்றார். "நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற அதே மாசிக் கருவாடு."

விடுதி அம்மா சந்தோஷமாகச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். முழுசாக ஒரு சூரை மீன். எட்டுக் கிண்ணம்! அதுவும் எனக்காகப் பிடித்த விரதத்தில்!

"மாமி, சத்தியமா எனக்குத் தெரியாது. விரதம் முறிஞ்சுபோச்சே!"

"எனக்கு முதல் வாயிலையே தெரியும்."

"பிறகேன் குடிச்சனீங்கள்?"

"குளிர், பசி. நல்ல ருசியும். அதுக்குத்தானே ஒவ்வொரு நாளும் உங்களைக் கேட்டனான்? இல்லையெண்டு சொன்னது நீங்கள். பாவம் உங்களோடை."

சங்கவி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். மாமி ஸ்டேஷன் கடையில் அந்தக் கட்டையில் இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒஸ்லோ திரும்பிய வாரமே கடிதம் வந்தது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மாமி ஆறுதலுக்கு மாசிச் சம்பல் இடித்துத் தந்தார்.

இன்றும் நான் வீக்கார்தான். ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் நடக்கும் பிறந்தநாள் விழாக்களில் யாராவது "தம்பிக்கு வேலை நிரந்தரமாகிட்டுதோ?" என்று கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் மாமி முந்திக்கொள்வார்:

"அம்பாள் குடுக்கத்தான் நிண்டவ. இவர் எனக்கு மாசித்தண்ணி பருக்கினதைப் பாத்திட்டு, கையைப் பின்னாலை எடுத்திட்டா."