அல்லி இன்னும் நனைகிறாள்

அல்லி ஐந்தருவியில் நனைந்துகொண்டு நின்று பத்து நாளாகிவிட்டது. இதற்கிடையில் மலையில் மழை கூடி, வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டு, போலீஸ்காரர்கள் விசில் அடித்து எல்லாரையும் கரையேற்றி அனுப்பிவிட்டார்கள். அல்லியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு தகரப்பெட்டியோடு அவள் அருவிக்குக் கீழேயே நின்றாள்.

அவள் வெளியே வரவேண்டுமென்றால் யாராவது கதையின் அடுத்த பகுதியை எழுத வேண்டும்.

குழல்வாய்மொழி போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். ‘தொடர் சாரல்’ வாட்ஸ்அப் குரூப்பில் கடைசியாக வந்திருந்தது ஒரு ரோஜாப்பூ. அதன் மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்று மின்னியது. அது நேற்றைய காலை.

குற்றாலத்தில் ஆறே அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் அவளுடையது. கொரோனா வருஷத்தில் அருவிகளைப் பூட்டி, சீசனுக்கு ஓர் ஈ காக்கை வராமல் போனபோது, அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் ஆரம்பித்த குரூப் இது. பரோட்டாக் கடை காமராஜ், ஆட்டோ யாக்கூப், சிப்ஸ் கடை ஜுஹைனா என்று வேலையில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எல்லாரையும் அதில் பிடித்துப் போட்டார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எழுத வேண்டும். வீட்டை விட்டு வந்த அல்லி என்கிற பெண்ணின் கதை. அருவி திறந்த பிறகும், கூட்டம் வந்த பிறகும் கதை நிற்கவில்லை.

அல்லி கையில் தகரப்பெட்டியைக் கொடுத்தவர் அவர்தான். அதுதான் அவர் எழுதிய கடைசிப் பகுதி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக்கூட அவள் கேட்டாள்.

“சொல்லிட்டா ருசி போயிரும்லா,” என்றார்.

போன கார்த்திகையில் ருசியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

அதன் பிறகும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது நாலு வரி எழுதிப் போடுவார்கள். போன் ‘டிங்’ என்னும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் கேட்கிற ஒரே சத்தம் அது. அதுவும் நின்று பத்து நாளாகிவிட்டது.

“இன்னைக்கும் யாரும் எழுதலையாக்கா?” என்று கேட்டாள் அறைகளைக் கூட்டித் துடைக்கும் இசக்கிசெல்வி.

“இல்லட்டி.”

“இப்ப என்ன செய்யப் போறிய?”

இதை அவள் தினமும் கேட்டாள். கேட்டுவிட்டுத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பதிலுக்காக நிற்பாள். இவள் ஒருத்திக்காவது அக்கறை இருக்கிறதே என்று குழல்வாய்மொழிக்கு ஆறுதலாக இருக்கும்.

யாக்கூப்புக்குப் போன் போட்டாள்.

“யாக்கூப்பு, இது உன் முறைலா?”

“அக்கா, சீசன்லா. என் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கவே நேரமில்ல, அல்லி மூஞ்சிய எங்கன பாக்க?”

“நாலு வரி எழுத எவ்வளவு நேரம்லே ஆவும்?”

“நேரம் மட்டுமில்லக்கா.” யாக்கூப் குரலைத் தணித்தான். “அது அண்ணாச்சி வச்ச பெட்டி. அத நான் எப்பிடித் தொறக்க? உள்ள நான் ஒண்ணு வச்சு, அண்ணாச்சி வேற ஒண்ணு நெனச்சிருந்தாவன்னா?”

அவள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

“சரி, அடுத்து என்ன செய்யலாம்னு இருக்கிய?” என்றான் அவன்.

“வேற ஏதாவது வழி பாக்கணும்.”

“என்ன வழி? நிதானமா, விவரமாச் சொல்லுங்க.”

நேரமே இல்லாதவனுக்கு இதைக் கேட்க மட்டும் நேரம் இருக்கிறதே என்று நினைத்தபடி போனை வைத்தாள்.

பரிசு வைத்தால் எழுதுவார்கள் என்று யோசனை சொன்னவர் காமராஜ். “மதினி, புஸ்தகம், பேனான்னு போட்டிருராதிய. ஒருத்தன் வரமாட்டான். எழுதுற ஆளுக்கு நம்ம கடையில ரெண்டு பரோட்டா, சால்னா. நம்ம ஊருக்கு அதுதான் விருது.”

அன்று மதியமே அறிவிப்புப் போட்டாள். அடுத்த நிமிஷம் போன் ‘டிங்’ என்றது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

‘அல்லி பெட்டியைத் திறந்தாள்’ என்று எழுதியிருந்தாள் ஜுஹைனா. அவ்வளவுதான். அதற்குக் கீழே, ‘எனக்கு சால்னா தனியாக’.

‘உடனே மூடினாள்’ என்று எழுதினான் யாக்கூப்.

‘காற்றில் பெட்டி மறுபடியும் திறந்துகொண்டது.’ இது ஜுஹைனாவின் மாமியார். போன வாரம்தான் குரூப்பில் சேர்ந்தவர்.

‘மூடு அல்லி, தண்ணி உள்ள போகுது.’ இது காமராஜ் கடையிலேயே பரோட்டா வீசுகிற மாஸ்டர்.

விளக்கு வைப்பதற்குள் பெட்டி திறந்து மூடி, திறந்து மூடி, உண்மைப் பெட்டியாக இருந்தால் கீல் கழன்றிருக்கும். இவ்வளவு பேர் திறந்தும் உள்ளே என்ன இருந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்திருக்கிறார்கள்.

மறுநாள் காமராஜ் கூப்பிட்டார். “மதினி, மாவு தீந்துபோச்சு. வாசுதேவநல்லூர்ல இருந்து ஒரு வேன் நிறைய ஆளு வந்து, பரிசுப் பரோட்டா எங்கன்னு கேட்டுச் சாப்பிட்டுட்டுப் போயிருக்கு.”

“அவுங்க யாரு? நம்ம குரூப்புலயே இல்லையே.”

“இல்லதான்.”

“பெறவு பரிசு விஷயம் அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

காமராஜ் கொஞ்சம் தடுமாறினார். “காத்துவாக்குல போயிருக்கும் மதினி. இப்பம் காத்தடி காலந்தான.”

குழல்வாய்மொழி பரிசை ரத்து செய்தாள். குரூப் மறுபடியும் ஊமையானது. முன்பாவது ரோஜாப்பூ வந்தது. இப்போது அதுவும் இல்லை.

“ரத்து பண்ணிட்டியளா?” இசக்கிசெல்வி வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். “எப்பம்? கோவமாவா, வருத்தமாவா?”

“ரெண்டுந்தான். அத ஏன்ட்டி கேக்க?”

“சும்மாதான்.”

இரண்டு நாள் யோசித்ததில் அவளுக்கு ஒன்று புரிந்தது. இவர்களைத் தாஜா பண்ணிப் பயனில்லை. ரோஷம் வர வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பிரமாதமாக எழுதினால், நம் கதையை எவனோ எழுதுவதா என்று இவர்கள் தானாக இறங்குவார்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் என்ன? உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆளை அவளே படைத்தாள். பெயர் சுகுமாரன். ஊர் ஆரியங்காவு. மலைமேல் ரப்பர் தோட்டம். பேச்சில் கொஞ்சம் மலையாளம். நல்ல ரசிகர், கொஞ்சம் கண்டிப்பானவர்.

சுகுமாரனுக்கு ஒரு சிம் வாங்கத் தென்காசிக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். “உக்காருங்கம்மா. உங்களுக்கு இப்பம் ரொம்ப அலைச்சல்லா,” என்றாள். ஆள் மாறாட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புது சிம்முக்கு இன்னொரு போன் வேண்டும். வீட்டில் ஆவுடையப்பனின் போன் இருந்தது. அவர் போன பிறகும் அவள் அதை அணைக்கவில்லை. தன் போனுக்குச் சார்ஜ் போடும்போதெல்லாம் அதற்கும் போடுவாள். ஒருவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு இன்னொருவரைப் பட்டினி போடுவது அவளுக்கு வராது.

பழைய சிம்மை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினாள். வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அட, ‘தொடர் சாரல்’ ஏற்கெனவே அதில் இருந்தது. சேர்க்கிற வேலைகூட மிச்சம். சிம் மாறினால் ஆளும் மாறிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். மறுநாள் காலை, அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு, சுகுமாரனாக உட்கார்ந்து எழுதினாள்:

‘நமஸ்காரம். ஞான் இப்போ மேலே இருக்கேன். இங்கே நல்ல தணுப்பு. இங்கிருந்து பார்த்தால் கீழே நீங்கள் எல்லாரும் தெளிவாகத் தெரிகிறீர்கள். யாரும் எழுதாமல் சும்மா இருப்பதும் தெரிகிறது. பாவம் அல்லி, எத்தனை நாள் நனைவாள்? இனியும் எழுதாவிட்டால் ஞான் கீழே இறங்கி ஒவ்வொரு வீடாக வர வேண்டியிருக்கும்.’

படித்துப் பார்த்தாள். நட்பும் கண்டிப்பும் சரியாகக் கலந்திருந்தன. அனுப்பினாள்.

இட்லி வேகவில்லை. அதற்குள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து கேட்டில் மோதி நின்றது. யாக்கூப் இறங்கினான். பின் இருக்கையிலிருந்து காமராஜ், முழங்கை வரை மைதாமாவோடு. அவருக்குப் பின்னால் ஜுஹைனா.

“மதினி, பதறாதிய,” என்றார் காமராஜ். பதறியவர் அவர்தான். “அண்ணாச்சி மெசேஜ் போட்டிருக்காவ.”

“எந்த அண்ணாச்சி?”

“நம்ம அண்ணாச்சி.”

போனை நீட்டினார். ஆவுடையப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டு, மெயின் அருவிக்கு முன்னால் தலை துவட்டிக்கொண்டு சிரிக்கும் அதே படம். அதற்குப் பக்கத்தில் அந்தச் செய்தி. எழுதியவள் அவளே. ஆனாலும் அந்த முகத்துக்குப் பக்கத்தில் புதிதாக நாலு வார்த்தையைப் பார்த்தபோது, ஒரு மூச்சு நேரம், அவளும் நம்பினாள்.

“அண்ணாச்சிக்கு மலையாளம் எப்பம் வந்துச்சு?” என்றான் யாக்கூப்.

“போற வழி செங்கோட்டை, ஆரியங்காவுன்னு இருந்திருக்கும்,” என்றார் காமராஜ். “ஒவ்வொரு வீடா வருவேன்னு சொல்லுதாவளே, மொதல்ல கடைக்கு வருவாவளா, வீட்டுக்கு வருவாவளா?”

“கடைக்குத்தான் வருவாவ. உங்ககிட்ட பழைய பாக்கி இருக்குல்லா.”

“ஏலே, சும்மா கெட.”

ஜுஹைனா ஏற்கெனவே பதில் அனுப்பியிருந்தாள். ‘நல்லாருக்கீங்களா அண்ணாச்சி? அங்க சாப்பாடெல்லாம் எப்படி?’

இவ்வளவுக்குப் பிறகு ஒளிக்க முடியவில்லை. குழல்வாய்மொழி உள்ளே போய் அந்தப் போனை எடுத்து வந்து எல்லாருக்கும் முன்னால் வைத்தாள். சுகுமாரனைப் பற்றிச் சொன்னாள். சிம்மைப் பற்றிச் சொன்னாள். ரப்பர் தோட்டத்தைக்கூட விடவில்லை.

கேட்டு முடித்ததும் யாக்கூப் மெதுவாக, “சிம்ம எந்தக் கடையிலக்கா வாங்குனிய?” என்றான்.

“ஏலே, இப்பம் அதா முக்கியம்?”

“சும்மா கேட்டேன். தோட்டம் எத்தன ஏக்கருன்னு வச்சிருந்திய?”

ஜுஹைனா அவன் காலை மிதித்தாள்.

குழல்வாய்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுக்களையில் இட்லிச்சட்டி தண்ணீர் வற்றிக் கடகடத்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“நான் செஞ்சது தப்பு,” என்றாள். “போன மனுசனக் கூட்டியாந்து உங்களப் பயங்காட்டி ஒரு கதைய நடத்தவேண்டாம். உங்களுக்கும் தொழிலு இருக்கு, குடும்பம் இருக்கு. எனக்குத்தான் விளக்கு வச்ச பெறவு வேற சோலி இல்ல. அந்தச் சத்தத்துக்காக உங்கள எல்லாரையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். அவரு ஆரம்பிச்சாரு. நான் முடிச்சு வச்சிருதேன்.”

“மதினி,” என்றார் காமராஜ்.

“இல்ல, போதும். இப்பமே கலைச்சிருதேன்.”

குரூப்பைத் திறந்தாள். ஒவ்வொருவராக நீக்க வேண்டும். முதல் பெயர் யாக்கூப்புடையது. அவள் விரல் அதன் மேல் போய் நின்றது.

காமராஜ் ஜுஹைனாவைப் பார்த்தார். ஜுஹைனா யாக்கூப்பைப் பார்த்தாள். யாக்கூப், படியைத் துடைப்பதுபோல் வெகுநேரமாக ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வியைப் பார்த்தான்.

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, அவசரப்பட்டுக் கலைச்சிராதிய,” என்றாள். “இந்தக் குரூப்பக் காப்பாத்த நீங்க படுத பாட்டத்தான் நாங்க எல்லாரும் இன்னொரு குரூப்புல முறை வச்சுக் கதையா எழுதிக்கிட்டிருக்கோம், நாளைக்கு என் முறை, இன்னைக்கே நீங்க முடிச்சு வச்சிட்டா வாசிக்கிற அம்புட்டுப் பேருக்கும் நான் என்ன பதில் சொல்ல?”