எல்லைக்கல் சுமந்த ஆமை

ஒரு காட்டில், அதை மாநகராட்சி ஆக்கலாம் என்று யாருக்கும் தோன்றாதவரை, அங்காயி என்ற ஆமை நிம்மதியாக இருந்தாள். சேத்துக்குட்டை ஊராட்சிதான் அவள் ஊர். முதுகில் சொந்த வீடு.

ஊராட்சியைச் சிங்கபுரி மாநகராட்சியோடு சேர்க்கக் கூட்டம் போட்டார்கள். "எதிர்க்கிறவங்க மேடைக்கு வந்து சொல்லலாம்" என்று மைக்கில் சொன்னதும் அங்காயி கிளம்பினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டதாம்.

மறுவாரம் சர்வேயர் முயல் டேப்போடு வந்து அவள் ஓட்டை அளந்தார்.

"ஏம்மா, வீட்டுக்கு பிளான் அப்ரூவல் இருக்கா?"

"பொறக்கும்போதே இருந்த வீடு சார்."

"வீட்டுக்கும் உனக்கும் நடுவுல ஒரு விரல்கூட இடம் விடலையே. இடிக்கத்தான் வேணும்."

"இடிச்சா நான் செத்துருவேன் சார்."

"அது வேற செக்‌ஷன்மா."

ஆனால் முயல் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "அந்தப் புளியமரத்தோட மாநகராட்சி எல்லை முடியுது. நாளைக்கு அங்க கல் நடுவேன். அதுக்குள்ள தாண்டிட்டா நீ கோரையூர் ஊராட்சி. யாரும் கேக்க மாட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அங்காயி நடையைக் கட்டினாள். மறுநாள் முயல் எல்லைக்கல்லோடு புறப்பட்டு, வழியில் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலத் தூங்கினார். விழித்து வந்து பார்த்தால் அங்காயி மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

"தாண்டிட்டேன் சார்" என்றாள்.

முயல் செல்போனைப் பார்த்தார். "நான் தூங்குறப்போ புது உத்தரவு வந்திருக்கும்மா. கோரையூரையும் சேர்த்துட்டாங்க. இனிமே எல்லை எதுவரைக்கும்னு அதுல போடலை."

அங்காயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். முயல் கல்லைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணு. இந்தக் கல்லை நீ சுமந்துக்கோ. சர்க்கார் கல் இருக்கிற கட்டடத்துல எவனும் கைவைக்க மாட்டான். நீ போய் நிக்கிற இடம்தான் எல்லைன்னு எழுதிக்கிறேன்."

வீடு பிழைத்தது. முதுகில் கல்லோடு, எங்காவது ஓர் ஊராட்சி மிச்சமிருக்கிறதா என்று தேடி அங்காயி நடந்தாள். அவள் போன இடமெல்லாம் மாநகராட்சி ஆனது.

வழியில் நத்தைப்பட்டி வந்தது. அங்கே எல்லோருக்கும் முதுகில்தான் வீடு. கல்லைக் கண்டதும் நத்தைகள் குடும்பம் குடும்பமாக ஓடத் தொடங்கின.

"நில்லுங்க, நானும் உங்களை மாதிரிதான்" என்று கூப்பிட்டுக்கொண்டே அங்காயி பின்னால் போனாள். பொழுது சாய்வதற்குள் கல்லோடு அத்தனை பேரையும் தாண்டிவிட்டாள்.

நீதி: மெதுவாகப் போகிறோமே என்று கவலைப்பட வேண்டாம், நம்மைவிட மெதுவாகப் போகிறவர்கள் தலையில்தான் அது விடியும்.