மூன்று கை ஊற்றிய நீலம்

அன்புள்ள லவோன் அத்தைக்கு,

ஆர்டித் எழுதுவது. உங்கள் கால் வீக்கம் வடிந்து, நீங்களும் மாமாவும் தெம்பாக இருக்க வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, நான், மாடுகள் எல்லோரும் சுகம். கோழியைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம். உங்கள் துணிக்கடை கவுண்டரில் நிற்க வேறு பெண் யாரையும் தயவுசெய்து இன்னும் வைத்துவிடாதீர்கள். "வர்றவங்ககிட்ட வாயைத் திறந்து பேசுற பொண்ணு வேணும். சும்மா நிக்கிறதுக்குக் கடையில ஏற்கெனவே தூண் இருக்கு" என்று நீங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பள்ளிக்கூடத்தை விட்டு மாடு கறக்க வந்தவள் நான், அதிலிருந்து பசுக்களோடுதான் பேச்சு. அவை திருப்பி ஒன்றும் கேட்பதில்லை, அதனால் சௌகரியமாக இருந்தது.

இன்று டெமாயின் நகரில் மாநிலப் பொருட்காட்சியின் முதல் நாள். என் வெள்ளைக் கோழி கிளாராவைப் போட்டிக்குக் கொண்டுவந்தோம், அவள் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெள்ளைக் கோழியை எப்படிக் குளிப்பாட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியாததா, முதல் தொட்டியில் சோப்பு, அடுத்ததில் வினிகர், கடைசியில் துணிக்குப் போடும் நீலம் ஒரு சொட்டு, அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் நான் அந்தச் சொட்டை விட்டுவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். அப்பா வந்து பார்த்து, பிள்ளை மறந்திருப்பாள் என்று அவர் பங்குக்கு ஊற்றினார். அப்புறம் அம்மா வந்து, இவர்கள் இரண்டு பேரையும் நம்ப முடியாது என்று நீலப் பாட்டிலின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தாள். நம் வீட்டில் யார் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம், சாப்பாட்டு மேஜையில் உப்பைத் தள்ளச் சொல்வதற்கே கையைத்தானே காட்டுவோம். வீட்டுக் கொட்டகையின் மங்கல் விளக்கில் நனைந்த கோழி எல்லாம் ஒரே நிறம்தான். தலை காய வைக்கும் மெஷினால் உலர்த்தினேன், பழைய போர்வையால் கூண்டை மூடி லாரியில் ஏற்றினோம், வழியெல்லாம் அப்பா வானிலைச் செய்தி கேட்டார். பொருட்காட்சி வாசலில் வெயிலில் போர்வையை எடுத்தால், அத்தை, கிளாரா ஆகாச நீலத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று பேரும் ஊற்றியது அப்போதுதான் வெளியே வந்தது. டிக்கெட் கிழிக்கிற பெண், கிளியையெல்லாம் இந்த வருஷம் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டாள். அப்பா தன் தொப்பியைக் கழற்றிக் கூண்டின்மேல் வைத்தார். தொப்பி சின்னது, கோழி பெரிசு.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பின்னால் பன்றி லாரிகள் வரிசையாக நின்றதால் வண்டியைத் திருப்ப வழியில்லை. பொருட்காட்சியின் கோழிக் கொட்டகையில் கூண்டை வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. சோளமாவில் முக்கிப் பொரித்த சாசேஜைக் குச்சியோடு பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள், அதில் தடவிய கடுகு சாஸ் எல்லாம் என் சட்டையில். அப்போது நடுவர் திரு. ஸ்டூப்மன் வந்தார். கிளாராவைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். யாருடைய கோழி என்று கேட்டார். அப்பா பூட்ஸைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். உங்கள் கடையின் தூண் ஞாபகம் வந்தது. எப்படி வாய் திறந்ததென்று தெரியவில்லை.

"என்னோடதுங்க. இது வெள்ளைக் கோழிதான். நாங்க மூணு பேரும் தனித்தனியா நீலம் ஊத்திட்டோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல."

கொட்டகையே சிரித்தது. நான் நிறுத்தவில்லை அத்தை, திறந்த வாயை மூடத் தெரியாமல், கிளாராவை எடுத்து இறக்கையை விரித்து அடித்தூவியின் வெள்ளையைக் காட்டினேன், கொண்டையின் பற்களைக் காட்டினேன், எந்தத் தீனியில் தூவி பளபளக்கும் என்று கூடச் சொன்னேன். நடுவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோழி நல்ல கோழிம்மா. ஆனா வர்ணம் போட்ட மாதிரி இருக்கிறதுக்கு என்னால பரிசு ரிப்பன் கட்ட முடியாது. இப்ப இங்க சொன்ன மாதிரி நேத்து வீட்டுல சொல்லியிருக்கலாமே" என்றார். கூண்டில் தகுதி இல்லை என்று அட்டை தொங்கவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

வெளியே எலுமிச்சைச் சாறு குடிக்கும்போது அப்பா ஐஸைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "உனக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு. அத்தைகிட்ட போயேன். மாட்டை நான் கறந்துக்கறேன்."

ஆகவே அத்தை, பொருட்காட்சி முடிந்த மறுநாளே பெட்டியோடு வருகிறேன். துணி அளப்பது, பேசுவது இரண்டும் செய்வேன். கடவுள் உங்கள் கடைக்கு ஓயாமல் துணி வாங்கித் தைக்கிற பெண்களை அனுப்பட்டும். மாமாவுக்கு என் அன்பு. அம்மா தலையசைக்கிறாள், அது அவளுடைய விசாரிப்பு.

உங்கள் அன்பு மருமகள்,
ஆர்டித்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கோழிக் கொட்டகையைக் கவனிக்கும் மிசஸ் ட்ரம்போவர் வந்தார். வருகிறவர்கள் எல்லாம் நீலக் கோழி எங்கே, அந்தக் கதையைச் சொல்கிற பெண் எங்கே என்று கேட்கிறார்களாம். கடைசி நாள்வரை கூண்டுப் பக்கத்தில் நின்று பேச முடியுமா, அப்புறம் நம் மாநிலத்து வாட்டர்லூவில் அவருடைய குஞ்சு பொரிக்கும் பண்ணைக்கு வந்து குஞ்சு வாங்கும் விவசாயிகளோடு போனில் பேச முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கவுண்டருக்கு வேறு பெண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள் அத்தை. சம்பளம் என்ன தருவீர்கள் என்று அவரிடம் நானேதான் கேட்டேன்.