என் வீட்டுக்கு மட்டும் அனுமதி

இந்த முறை மைத்துனர் வீட்டுக்குப் போவதில்லை. தலைகீழாக நின்றாலும் இல்லை. மனிதர் நல்லவர்தான். ஆனால் தன் முதுகுவலியின் வரலாற்றை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவார்.

காரணம் ஒன்று வேண்டுமே! கம்பெனியின் கிளைகளில் இருக்கும் ரவுட்டர்களை, அதாவது இணைய இணைப்புப் பெட்டிகளை, வீட்டிலிருந்தே கவனிப்பது என் வேலை. நடுவில் வாட்ச்மேன் மாதிரி ஒரு ஃபயர்வால். தெரிந்தவனை உள்ளே விடும், மற்றவனைத் துரத்தும். மனைவியிடம் பழியை அதன் தலையில் போட்டேன்.

“என்னால வர முடியாதும்மா. ஃபயர்வால் நம்ம வீட்டு இணைப்பை மட்டும்தான் உள்ள விடும்.”

“போன மாசம் பல் டாக்டர்கிட்ட வாயைப் பிளந்துக்கிட்டே எதையோ சரி பண்ணினீங்களே?”

“அது அப்போ. இப்ப விதியை மாத்தியாச்சு.”

“ஓஹோ. பாவம்ங்க நீங்க” என்றாள். அந்தப் பரிவைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

உண்மையில் அவள் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் விதியை மாற்றினேன். கடவுச்சொல் இருந்தால் எங்கிருந்தும் நுழையலாம் என்பதைத் தூக்கிவிட்டு, என் வீட்டுக்கு மட்டும் அனுமதி என்று எழுதினேன். ஒரு பொய்யை உண்மையாக்க இவ்வளவு உழைத்தவன் வேறு எவனும் இருக்க மாட்டான். மேனேஜர் வேறு, “பாதுகாப்புன்னா இது!” என்று மெச்சினார்.

சனிக்கிழமை காலை. பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மனைவி பெட்டியை மூடினாள்.

“பசங்களை அண்ணன் வீட்டுல விட்டுட்டு நான் கடற்கரைக்குப் போறேன். ஜன்னலைத் திறந்தா கடல். ரெண்டு பேருக்குன்னுதான் அறை எடுத்தேன். கல்யாணமானதுலேர்ந்து நாம தனியா எங்கயும் போனதே இல்லையேன்னு...”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க ஃபயர்வால் கதையை ஆரம்பிச்சிட்டீங்க.”

“அஞ்சு நிமிஷம் இரு. நானும் வர்றேன்!”

“அந்த விதி?”

“விதியாவது ஒண்ணாவது! நான் போட்டதுதானே!”

லேப்டாப்பின் மேல் பாய்ந்தேன். புது விதியைச் சேர்த்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே அதுதான். அவசரத்தில் பழையதை முதலில் அழித்தேன். திரை அப்படியே நின்றது. எனக்கென்று இருந்த ஒரே வாசலை நானே அடைத்துவிட்டேன். இனி அலுவலகத்துக்கே போய், ஃபயர்வால் பெட்டியில் நேரடியாகக் கேபிளைச் செருகினால்தான் கதவு திறக்கும். அலுவலகமோ கடலுக்கு நேர் எதிர்த் திசையில்.

“பார்த்துப் போங்க. எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள், நான் அலுவலகம் போக வேண்டும் என்றதும். கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சர்வர் அறைக் குளிரில், தரையில் சம்மணமிட்டு மல்லுக்கட்டினேன். எனக்காக ஆசையாக எடுத்த அறை! எல்லாம் சரியானதும் போன் போட்டேன்.

“முடிஞ்சதும்மா! சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். மன்னிச்சிடு, நான் சொன்னது பொய்.”

அந்தப் பக்கம் அலைச்சத்தம். கூடவே மைத்துனர் மனைவியின் சிரிப்பு.

“தெரியும்ங்க. அலையாதீங்க. நீங்க பொய் சொன்ன அன்னைக்கே அறையில உங்க பேரை எடுத்துட்டு அண்ணி பேரைப் போட்டுட்டேன்.”