மூலை நாற்காலியில் நோட்டுக்காரர்

மதிப்பீட்டாளர் வந்து சேர இன்னும் நாற்பத்தேழு நிமிடங்கள் இருந்தன. கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குள் இருந்த தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறது என்பதற்கான சான்று காலாவதியாகி இரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தரப் பொறுப்பாளர் அந்தச் சீட்டை மூன்று முறை படித்தாள். தேதி மாறவில்லை.

தேசிய அங்கீகாரத்துக்கு இது மூன்றாவது முயற்சி. இந்த முறையும் கைவிட்டுப் போனால் நம் அறிக்கையை எந்த மருத்துவமனையும் தொடாது, கதவைச் சாத்திவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"விடமாட்டேன்," என்றாள் தெர்மாமீட்டரிடம்.

அலமாரியில் இன்னொன்று இருந்தது. அதன் சான்று செல்லும். மாற்றி வைத்தாள்.

"அக்கா, பதிவேட்டுல பழைய தெர்மாமீட்டரோட எண்தானே இருக்கு?" என்றாள் கிருமிப் பரிசோதனை செய்பவள்.

"ரெண்டு நாளுக்கு ரெண்டு வரிதானே, பூசிடலாம்."

வெள்ளை மையைப் பூசி, ஊதிக் காய வைத்து, நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் அவளே கைப்பட எழுதி ஒட்டியிருந்த அறிவிப்பு: பதிவேட்டில் வெள்ளை மை பூசக் கூடாது.

"அக்கா, வந்துட்டாங்க. அறிமுகக் கூட்டத்துக்குக் கூப்பிடறாங்க."

"நீ போய் உட்காரு. என்ன சொன்னாலும் தலையை ஆட்டு."

பிளேடால் மையைச் சுரண்டினாள். தாளில் ஜன்னல் வைத்தாற்போல ஓட்டை விழுந்தது. அதற்குள் கூட்டம் முடிந்து காலடிச் சத்தம் நெருங்கியது. கைக்கு எட்டிய கதவைத் திறந்து பதிவேட்டை உள்ளே தள்ளி மூடினாள். அது இன்குபேட்டரின் கதவு.

முன்னால் மதிப்பீட்டாளர் அம்மா வந்தார். பின்னால் கையில் நோட்டுடன் ஒல்லியாக ஒருவர். அவர் வாயே திறக்காமல் மூலை நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

பொறுப்பாளருக்கு நொடியில் விளங்கிவிட்டது. முன்னால் வருபவர் கேட்பார். தலையெழுத்தை எழுதுபவர் பின்னால் வருபவர்தான்.

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். முதல் டீ அவருக்கு. அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மூலையைப் பார்த்தே பதில் சொன்னாள். அவர் எழுதினார். அவர் எழுதும்போதெல்லாம் அம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, கேட்கிறது நான். என்னைப் பார்த்துச் சொன்னா என்ன?"

"சொல்றேங்க," என்றாள் மூலையிடம்.

அம்மாவின் பேனா இரண்டாவது முறையாகக் கீழே விழுந்தது. "இன்குபேட்டரைத் திறங்க."

கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே பதிவேடு இளஞ்சூட்டில் கிடந்தது.

"பதிவேட்டுல கிருமி வளர்க்கிறீங்களா?"

"நனைஞ்சு போச்சுங்க, காய வச்சிருக்கோம்," என்று பரிசோதனைக்காரி முந்திக்கொண்டாள்.

மூலையில் பேனா ஓடியது. பொறுப்பாளர் இழுத்து மூச்சு விட்டாள். தோற்றாலும் நேராக நின்று தோற்பது என்று முடிவு செய்தாள்.

"பொய்ங்க," என்று ஆரம்பித்து, தெர்மாமீட்டர், வெள்ளை மை, பிளேடு, ஒன்று விடாமல் சொன்னாள்.

அம்மா ஓரக்கண்ணால் மூலையைப் பார்த்தார். குரல் லேசாக நடுங்கியது. "அந்த ரெண்டு நாள் பரிசோதனையையும் திரும்பப் பண்ணுங்க. தப்பு ஏன் நடந்ததுன்னு எழுதி, ஒரு மாசத்துல ஆதாரம் அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் அங்கீகாரத்துக்குச் சிபாரிசு. நீங்களா சொன்னீங்கன்னும் எழுதிக்கிறேன்."

ஒரு மாதம். கதவு இன்னும் சாத்தப்படவில்லை. ஆனால் முடிவு அந்த நோட்டில் அல்லவா இருக்கிறது. அம்மா முகம் கழுவப் போனதும் பொறுப்பாளர் மூன்றாவது டீயோடு மூலைக்குப் போனாள்.

"ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. நாங்க தேறுவோமா?"

அவர் அவளிடம் முதன்முறையாக வாய் திறந்தார்.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? காலையில கூட்டத்துலயே சொன்னோமே, உங்களைப் பரீட்சை பண்ண வந்தது அவங்க. நான் வந்தது அவங்களைப் பரீட்சை பண்ண."